துப்புகிற பானை

ஓட்டல்களுக்காக ஒயின் ருசி பார்ப்பது வாசுகியின் வேலை. வாயில் உருட்டிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவாள், விழுங்கியதே இல்லை. திராட்சை பயிரிட்டு ஒயின் போடும் சவரியப்பன் வீட்டுக்கு வருடாவருடம் போவாள். அந்தக் குடும்பம் தோட்டத்தில் எதையும் வீணாக்காது. ஒவ்வொரு வருடமும் அவள் துப்பிய மண்பானையைக் கொண்டுபோய்க் கொல்லையில் ஒரு திராட்சைக் கொடியின் வேரில் ஊற்றினார்கள்.

இந்த முறை சவரியப்பனின் மனைவி ஜெபமாலை கிளாஸை நீட்டினாள். "அந்தக் கொடியில காய்ச்ச பழத்துல போட்டதும்மா. நீங்க வளத்தது."

வாசுகி வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். சவரியப்பன் பானையைத் தூக்கிப் பிடித்தார். வீடே அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இறங்கிருச்சு!" என்று ஜெபமாலை கத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

காலிப் பானையோடு நின்ற சவரியப்பன் கேட்டார்: "அப்ப கொடிக்கு?"

வாசுகி கிளாஸை நீட்டினாள். "இன்னொண்ணு ஊத்துங்க. அதுல பாதி அதுக்கு."