செருப்பை ஒளிப்பவள்

ராஜதுரை சட்டையை மாட்டிக்கொண்டு வருவதற்குள், கோமதி அவன் செருப்புகளை வாஷிங் மெஷினுக்குள் திணித்து மூடியைச் சாத்தினாள். பதற்றத்தில் கை பட்டனிலும் பட்டுவிட, மெஷின் தடதடவென்று சுற்ற ஆரம்பித்தது.

"போன தடவை அரிசி டின்னு. இப்ப குளிப்பாட்டவே ஆரம்பிச்சுட்டியா?"

கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்துதான். சண்டை என்று வந்துவிட்டால் போதும், அவன் செருப்பு மாயமாகிவிடும். முன்பெல்லாம் சிரித்துவிடுவான். இன்று சிரிக்கவில்லை.

"கோபம் ஆற தெருமுனை வரைக்கும்கூட விடமாட்டேங்கிற. மூச்சு முட்டுது கோமு. ஏன்னு சொல்லு. இல்லேன்னா வெறுங்காலோட எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டே இருப்பேன்."

கதவைத் திறந்து படியில் காலையும் வைத்துவிட்டான்.

"எங்கப்பா வீட்டை விட்டுப் போனது உங்களுக்குத் தெரியும்ல?" பின்னாலிருந்து கேட்டாள் கோமதி.

"தெரியும். நீ பத்தாவது படிக்கிறப்ப. அதுக்கென்ன இப்ப?"

"சண்டை வந்தா அம்மாவும் இப்படித்தாங்க, அவர் செருப்பை ஒளிச்சு வெப்பாங்க. தேடித் தேடி, கோபம் ஆறி, சாப்பிட உக்காந்துடுவார். அன்னிக்கும் தேடினார். நான் எப்பவும் அப்பா கட்சி. அவர் தேடுறதைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு."

ராஜதுரை படியிலிருந்து திரும்பினான்.

"பீரோ மேல இருந்துச்சுங்க. நாற்காலி போட்டு ஏறி, நான்தான் எடுத்துக் குடுத்தேன். தூசியெல்லாம் தொடச்சு."