காத்து மிசின்

ஒரு பிடி தும்புத் தூளை அள்ளி, தகரக் குழாயின் வாயடியில் பிடித்துக் கையை விரித்தான் ஆழ்வாப்பிள்ளை.

தூள் மேலே போகவில்லை. அவன் காலிலேயே கொட்டியது.

குழாய்க்குள் காற்றாடி மட்டும் ஊரைக் கூட்டிக்கொண்டு சுற்றியது.

"சத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை, எங்கட மனேச்சரைப் போலை," என்றாள் றோசம்மா. வரிசையில் இருந்து தும்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். சிரித்த வாயோடு இருமினார்கள்.

பனைமட்டை நாரான பனந்தும்பை வாரும்போது எழும்புகிற தூசியை உறிஞ்சி, வெளியே முற்றத்தில் தொங்குகிற பெரிய சீலைப் பைக்குள் தள்ளுவதுதான் அந்த மிசினின் வேலை. தூசி பைக்குள் தங்கும். காற்று சீலையின் இழைகளுக்குள்ளால் வெளியே போய்விடும். வேலணைத் தும்புச் சாலைக்கு அது மாசியில் வந்தது. ஆயுத பூசை வரைக்கும் சொன்னபடி கேட்டது. பூசைக்குச் சந்தனமும் பொட்டும் மாலையும் வாங்கிக்கொண்ட மிசின், மறுநாளே உறிஞ்ச மாட்டேன் என்றுவிட்டது.

"எங்கட மாதாவுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருக்கலாம்," என்றாள் றோசம்மா.

மத்தியானம் லொறி வரும், ஏற்றிப் பட்டணத்துக்கு அனுப்பப் போகிறேன் என்று மனேச்சர் கனகசபை சொல்லிவிட்டார். போனால் எப்போது திரும்புமோ தெரியாது.

அதுவரைக்கும் என்னைப் பார்க்க விடுங்கோ ஐயா என்று கேட்டு நின்றான் ஆழ்வாப்பிள்ளை. அவன் அங்கே மூட்டை சுமக்கிறவன். மிசினைப் பற்றி அவனுக்கு ஒரு இழவும் தெரியாது. ஆனால் கடைசிப் பலகையில் இருந்து தும்பு வாருகிற சத்தியபாமா அவன் பெண்சாதி.

மிசின் வந்தபிறகு இருமல் குறைந்துவிட்டது என்று அவள் சொல்லுவாள். மெய்யாகவே குறைந்ததோ, வேலைக்குப் போகாதே என்று மறித்துவிடுவான் என்ற பயத்தில் சொல்கிறாளோ, அவனுக்குப் பிடிபடவில்லை. இருமல் வந்தால் தலையணைக்குள் முகத்தை அமத்திக்கொள்ளுகிறவள் அவள்.

காலையிலேயே பெல்ற்றை இறுக்கிப் பார்த்தான். காற்றாடி இன்னும் கெதியாய்ச் சுற்றியது, அவ்வளவுதான்.

மூடியைக் கழற்றி, காற்றாடியின் இலைகளில் ஒட்டிய தும்பையெல்லாம் சுரண்டினான். உடம்பெல்லாம் தூசியானதுதான் மிச்சம்.

குழாய்க்குள் நீளத்தடியை விட்டுக் குத்தினான். ஒரு குருவிக்கூடு வந்து விழுந்தது. பிடித்துவிட்டேன் என்று கத்தியபடி ஓடிப்போய் இஞ்சினை முடுக்கினான். பெண்கள் வேலையை விட்டு எழும்பிப் பார்த்தார்கள்.

தூள் திரும்பவும் காலில் கொட்டியது.

அவன் தடியை எறிந்தான். முற்றத்துக்கு வந்து, தொங்குகிற பையில் முதுகைச் சாய்த்தான். களைத்தால் அதில் சாய்வது அவன் வழக்கம். பஞ்சு மெத்தை மாதிரி உள்ளே வாங்கும்.

இன்றைக்கு வாங்கவில்லை. சுவரில் சாய்ந்தது போல இருந்தது.

திரும்பி விரலால் தட்டினான். மேளம் போலச் சத்தம் வந்தது. பையின் அடிமுடிச்சை அவிழ்த்தான். உள்ளே அடைபட்டிருந்த காற்று முகத்தில் அடித்துக்கொண்டு வந்தது. அதே நேரம் உள்ளே பெண்கள் கூக்குரல் இட்டார்கள்: "இழுக்குது! அண்ணை, இழுக்குது!"

சீலையை மூக்கில் வைத்து மணந்து பார்த்தான். நகத்தால் கீறினான். வெள்ளையாய்ப் பொருக்கு உதிர்ந்தது.

"இதை ஆர் தோய்ச்சது?" என்று வாசலில் வந்து நின்று கேட்டான்.

பெண்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். றோசம்மாதான் வாயைத் திறந்தாள். "ஆர், உங்கட மனிசிதான். பூசைக்கு முதல்நாள், நீங்கள் ஊர்காவற்றுறைக்கு மூட்டை கொண்டுபோன நேரம். எங்களைக் கிட்டவும் அண்ட விடேல்லை. கிணத்திலை அள்ளினதும் அவ, தோய்ச்சதும் அவ, பிழிஞ்சதும் அவ. கூப்பன் அரிசியிலை கஞ்சி காய்ச்சி, நீலமும் போட்டெல்லோ காயவிட்டவ!"

சத்தியபாமா தும்புக் கட்டைப் பார்த்தபடி இருந்தாள். "சாமிக்கு முன்னாலை ஊத்தையாய் நிக்கக்கூடாதெண்டு தான்..."

இழை ஒவ்வொன்றையும் கஞ்சி அடைத்திருந்தது. காற்றுப் போக வழியில்லை. போக வழியில்லாத காற்று எங்கே தூசியை இழுக்கும்?

குசினியில் தேத்தண்ணிக்கு வைத்த சுடுதண்ணீர் முழுவதையும் வாங்கி, பையை ஊறப்போட்டு மிதித்தான். கஞ்சி கரைந்து போகப் போக மூன்று தரம் அலசினான். கொடியில் போட்டபோது லொறி வந்து நின்றது.

பை சொட்டிக்கொண்டிருந்தது. கடற்காற்றை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

றோசம்மா திரும்பவும் தண்ணி கொதிக்கவைத்து லொறிக்காரனுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். குடித்து முடித்ததும் இன்னொன்று ஊற்றினாள். மூன்றாவதுக்கு அவனே கும்பிடு போட்டுவிட்டான்.

பை காய்ந்தது. கட்டினான். மனேச்சர் தானே ஒரு பிடி தூளை அள்ளிப் பிடித்துக் கையை விரித்தார். தூள் ஒரு துகள் நிலத்தில் விழாமல் விர்ரென்று மேலே போனது.

"என்ன பிழை, ஆழ்வார்?"

"பிழை ஒண்டுமில்லை ஐயா. சீலை கொஞ்சம் கூடுதலாய் வடிவாய்ப் போச்சு."

மனேச்சருக்கு அது விளங்கவில்லை. லொறியைத் திருப்பி அனுப்பப் போனார்.

சத்தியபாமா மெல்ல எழும்பி அவனருகில் வந்தாள். "ஏசுறதெண்டால் இஞ்சையே ஏசிப்போடுங்கோ. வீட்டை கொண்டு வராதேங்கோ."

ஏச அவனுக்கு வாய் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அதை மறைக்கச் சால்வையால் முகத்தைத் துடைத்தான்.

அவளுக்கு இருமல் தொடங்கிய காலம் தொட்டு, வீட்டில் உடுப்புத் தோய்ப்பது அவன்தான். நனைந்த சேலை ஒன்றைப் பிழிந்து முடிக்கவே அவளுக்கு மூச்சுக் காணாமல் இருந்தது. அந்தப் பெரிய பையை அவள் தனியே பிழிந்திருக்கிறாள்.