பூவன்பழப் பரோட்டா

லால் பாஷா விசிறும் மாவின் ஊடாக ஓசூர் பஸ் நிலையத்து மாலை வெயில் தெரிகிறது. கிழியவில்லை. முட்டைக்குப் பதில் இரண்டு கனிந்த பூவன்பழத்தைப் பிசைந்த மாவு. இழுபடுமா என்று காலைவரை அவருக்கே சந்தேகம்தான். முட்டை பட்டால், கம்பெனி வேலைக்கு வந்த பேச்சிமுத்துவுக்கு உதடு வீங்கிவிடும். விருதுநகரில் பிறந்தும் பரோட்டா ருசி அறியாத அவனை, முதல் ஷிப்ட் முடித்து வரும் கூட்டாளிகள் கேலி செய்யாத நாளில்லை. "கல்லைப் புளி போட்டுத் தேச்சிட்டேன், கரண்டியும் புதுசு. தைரியமா சாப்பிடுப்பா," என்கிறார் பாஷா. சுட்ட பரோட்டாவை இரு கைகளாலும் தட்டி நொறுக்கி, இலையில் போட்டு, சால்னாவை ஊற்றிவிட்டு, அடுத்ததைக் கல்லில் போடுகிறார். பேச்சிமுத்து முதல் வாய் வைக்கிறான். பெஞ்சில் இருக்கும் நான்கு கூட்டாளிகளும் தங்கள் இலையை மறந்து அவன் உதட்டையே பார்க்கிறார்கள். சால்னா எண்ணெயில் அது மினுங்குகிறது, அவ்வளவுதான். இரண்டாம் வாய், மூன்றாம் வாய். இலை காலியாகிறது, உதடு அப்படியே இருக்கிறது. பாஷா கரண்டியைத் தூக்கியபடியே நிற்கிறார். பேச்சிமுத்து விரலை நக்கிவிட்டு நிமிர்கிறான். "என் உதட்டைப் பாத்தது போதும், பாய். அடுத்த பரோட்டா கல்லுல கருகுது. அதுவும் எனக்குத்தான்."