ஒரு கைப்பிடி முறிகூட்டி

"என் கையால ஒரு தண்டுகூடத் தர மாட்டேன், கேட்டோ!"

அம்பிளி சேச்சி வெடுக்கென்று சொன்னதும் சங்கரியின் முகம் சுருங்கிவிட்டது. மட்டாஞ்சேரியில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டு மீன் கறியும் கப்பைக்கிழங்கும் மதில் தாண்டி வந்துகொண்டேதான் இருக்கின்றன. அப்படிப்பட்டவள் கேவலம் ஒரு செடிக்கா இல்லை என்பாள்?

அதுவும் என்ன பெரிய செடி! முறிகூட்டி. வெட்டுக்காயத்துக்குக் கசக்கி வைக்கிற, ஊதா கலந்த கருத்த இலை. சேச்சியின் முற்றத்தில் பாய் விரித்த மாதிரி தரையோடு படர்ந்து கிடந்தது. வெயிலோ மழையோ, மிதித்தாலும் சாகாது.

சங்கரியின் முற்றத்தில் வெறும் சேறுதான். இடப்பள்ளியிலிருந்து வாங்கி வந்த புல், பலா நிழலில் அழுகிப் போனது. வீட்டு ஓனர் விஸ்வேஸ்வரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஓணத்துக்குள்ள இந்தச் சேறு மூடணும். இல்லேன்னா முழுக்க சிமென்ட் போட்டுருவேன்."

கல்யாணமான நாளாக மாடி ரூம்களிலேயே காலம் தள்ளியவள் சங்கரி. காலில் மண் படுகிற வீடு இதுதான் முதல். அதைச் சிமென்ட்டுக்குக் கொடுக்க அவளுக்கு மனசே வரவில்லை.

மறுநாள் காலை சேச்சி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதிலேறிக் குதித்தாள். ஒரு கைப்பிடி முறிகூட்டியைப் பிடுங்கி வந்து, அவசர அவசரமாக நட்டும் முடித்தாள்.

சேச்சி திரும்பி வந்த கையோடு ஆரம்பித்துவிட்டாள்.

"எவளோ என் முறிகூட்டியைக் கொண்டு போயிட்டா! அவ வைக்கிற சாம்பார் ஊசிப் போகட்டும்! அவ சுடுற தோசை கல்லை விட்டு எழும்பாம இருக்கட்டும்!"

அன்றைக்குத் தோசை உண்மையிலேயே கல்லோடு ஒட்டிக்கொண்டது.

"ஏங்க, என்னைத்தான் திட்டுறாங்க" என்றாள் சங்கரி புருஷனிடம்.

"நீ திருடின, அவங்க திட்டுறாங்க. அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாக்குறீங்க. எனக்குச் சட்னியை வை" என்றான் அருண்பாண்டி.

ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும் காலையில் அர்ச்சனை நடந்தது. திட்டி முடித்ததும் மீன் கறி வழக்கம்போல மதில் தாண்டி வரும். சங்கரிக்கு அது தொண்டையில் இறங்காது. ஆனால் செடி மட்டும் மழையைக் குடித்துக்குடித்துக் கிடுகிடுவென்று படர்ந்தது. கிள்ளிக் கிள்ளி நட்டதில், ஓணத்துக்கு முந்தின வாரம் முற்றத்தில் ஒரு சொட்டுச் சேறு இல்லை.

"அடடே, ஜோரா இருக்கே! சிமென்ட் வேண்டாம், இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார் விஸ்வேஸ்வரன்.

சங்கரிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கூடவே நெஞ்சில் ஒரு முள். அதற்கு மேல் தாங்க முடியாமல் சேச்சி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"சேச்சி, உங்க முறிகூட்டியைத் திருடினது நான்தான். மன்னிச்சிருங்க."

"அறியும்."

"தெரிஞ்சேதானா இத்தனை நாளா திட்டினீங்க?"

"பின்னே? கையால கொடுத்த செடி வேர் பிடிக்காது மோளே. திருடி நடணும், உடையவ தினமும் திட்டணும், அப்பத்தான் அது படரும். உனக்கு வேண்டித்தான் ரெண்டு மாசமா தொண்டை கிழியக் கத்தினேன்" என்ற சேச்சி, சங்கரியின் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "கொல்லைப்புறம் இன்னும் காலியாத்தானே கிடக்கு? நாளைக்கு நான் ஆறு மணிக்குக் கோயிலுக்குப் போறேன், வந்து எடுத்துக்கோ!"