முகமூடிக்குள் யார்?

பழைய படத்தில் நமக்குப் பிடித்த நடிகரைப் போட்டுப் பார்க்கும் வசதி வீட்டு டிவிக்கே வந்த அன்று, நடிகர் தணிகாசலம் கேட்ட முதல் படம் ‘இடிவேந்தன்’. பதினெட்டு வருடங்களுக்கு முன் அந்தப் பறக்கும் வீரனின் உடையை அளவெடுத்துத் தைத்தது அவருக்குத்தான். கடைசி நேரத்தில் அந்த வேடத்தைச் சரண்தேவ் தட்டிக்கொண்டு போனான். அன்றிலிருந்து அந்தப் படத்தை அவர் பார்த்ததில்லை. சரண்தேவ் விளம்பரம் செய்த சோப்பைக்கூட வீட்டுக்குள் விட்டதில்லை.

“என்னைப் போடு, ரேணு” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

முகமூடிக்குள் வாயே திறக்காத வீரன் கோபுரத்திலிருந்து குதித்து நின்றான்.

“பாத்தியா தோரணையை? அந்தப் பய கரண்ட் கம்பம் மாதிரில்ல நின்னிருப்பான்!”

தாயைப் பறிகொடுத்து வீரன் தோள் குலுங்க அழுதபோது தணிகாசலத்துக்கே கண் கலங்கிவிட்டது. “இதுதாண்டி நடிப்பு!”

கடைசிக் காட்சியில் வீரன் முகமூடியைக் கழற்றினான். உள்ளேயிருந்து சிரித்தது சரண்தேவ்.

ரேணுகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயையோ, உங்க பேரைத் தேடி எடுத்தேன், ஓகே குடுக்க மறந்துட்டேங்க. இப்ப மாத்தவா?”

தணிகாசலம் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் இன்னும் காயவில்லை.

“வேணாம். முதல்லேருந்து இதையே ஓட்டு” என்றார். “முகமூடியைக் கழட்டுறதுக்கு முன்னாடி நிறுத்திடு.”