ஐந்தாவது புகார்

"டியூப் கைநழுவி விழுந்து உடைஞ்சிடுச்சும்மா. இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும்."

லேப்காரம்மா இதைச் சொன்னபோது வரிசையில் நின்ற பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "மூணு மாசம் முழுகாம இருக்கிற பொண்ணு. உடம்புல இருக்கிறதே ஒரு சொட்டு. அதையும் தரையில கொட்டிட்டுக் கூசாம வந்து நிக்கிறியே?"

"தப்புதாம்மா."

"நான் என்னென்னவோ நெனச்சுப் பதறிட்டேன்," என்று மாமியார் வரிசையைப் பார்த்து முறையிட்டாள். "எதிர்வீட்டுப் பொண்ணையும் இப்படித்தான் மறுபடி வரச் சொன்னாங்க. ரத்தத்துல ஏதோ கிருமியாம். புருஷன்காரன் அன்னிக்கே பெட்டியைக் கட்டி அவ அம்மா வீட்டுல விட்டுட்டு வந்துட்டான். நல்லவேளை, நமக்கு வெறும் டியூப்தான்."

மருமகளுக்கும் அந்தப் பயம்தான். நேற்று காலை மறுபடி வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததிலிருந்து அவள் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. கணவன், "கல்யாணத்துக்கு முன்னாடி உனக்கு எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்காங்களா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டான். சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டான்.

இப்போது அவளுக்குப் பயம் வடிந்த இடத்தில் கோபம் ஏறியது. ஒரு டியூப் உடைந்ததற்கா இந்தப் பாடு?

கணவன் புகார் நோட்டைக் கேட்டு வாங்கினான். புரட்டியவன் சத்தமாகச் சிரித்தான்.

"இதுக்கு முன்னாடி நாலு புகார். நாலும் இந்தம்மா பேர்லதான். நாலும் டியூப்தான்!"

"எங்கக்கா எண்ணெய் தடவின கையோட வேலைக்கு வந்துடுவாங்க," என்றாள் பதிவேட்டுக்காரப் பெண். வரிசையே சிரித்தது. லேப்காரம்மாவும் சிரித்தாள்.

"ரத்தம் கொடுத்தவங்கதான் எழுதணுமாம். எழுது," என்று கணவன் பேனாவை நீட்டினான்.

எழுதினாள். கவனக்குறைவு, அலட்சியம் என்று அவளாக இரண்டு வரி. 'இவர் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம்' என்று மாமியார் சொல்லி ஒரு வரி. கீழே கையெழுத்து.

லேப்காரம்மா நின்றபடியே அதைப் படித்துவிட்டு நோட்டை மூடினாள். "சரி, உள்ளே வாங்கம்மா. நீங்க மட்டும்."

கதவைச் சாத்தி, நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். ஊசி இறங்கியதே தெரியவில்லை. துளி நடுக்கம் இல்லாத கை.

"டியூப் உடையலைம்மா."

அவள் நிமிர்ந்தாள்.

"அசையாதீங்க. எச்.ஐ.வி. முதல் சோதனையில இருக்கிற மாதிரி காட்டுது. காட்டினாலே இருக்குன்னு அர்த்தமில்லை. சில பேருக்குப் பொய்யாவும் காட்டும். இன்னும் ரெண்டு விதமாப் பார்த்துட்டுத்தான் முடிவு சொல்லுவோம். அப்படியே இருந்தாலும் மாத்திரை இருக்கு, குழந்தையைக் காப்பாத்திடலாம். டாக்டரம்மா இப்போ உங்ககிட்ட தனியாப் பேசுவாங்க. யார்கிட்ட எப்போ சொல்றதுன்னு அவங்ககூட உக்காந்து யோசிங்க."

வெளியே மாமியார் இன்னும் திட்டிக்கொண்டிருப்பது கேட்டது. மருமகள் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். 

"அந்த நாலு பேரு...?"

"மூணு பேருக்கு ஒண்ணுமே இல்லை. ஒருத்தர் மாத்திரை சாப்பிடறாங்க. பிள்ளை நல்லா இருக்கு."

"அக்கா, நான் போய் அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

லேப்காரம்மா பஞ்சை வைத்து அவள் முழங்கையை மெல்ல மடக்கினாள்.

"கிழிக்காதீங்கம்மா. அது இருந்தாத்தான் உங்க வீட்டுல நம்புவாங்க."