மரமா, புல்லா?

அப்பா டம்ளரை வாய்கிட்ட கொண்டுபோனாரு. அதுக்குள்ள பக்கத்து வீட்டு உம்மணாமூஞ்சி செருப்போட உள்ள ஓடி வந்து, டம்ளரைப் பிடுங்கி, ஜூஸ் மொத்தத்தையும் வாஷ்பேசின்ல கொட்டிட்டாரு.

"யோவ்!"ன்னு கத்தினேன். அப்பா வயசு அவருக்கு. எழுதும்போதே கை கூசுது.

"மரத்தைத்தான் வெட்டித் தள்ளிட்டீங்க. இப்ப எங்கப்பா குடிக்கிற ஒரு வாய் ஜூஸும் உங்க கண்ணை உறுத்துதா?"

அவர் காலி டம்ளரைக் கவுத்து வெச்சாரு. ஓடி வந்ததுல மூச்சு வாங்குச்சு.

விஷயம் இதுதான். அவர் தோட்டத்துல ஒரு நட்சத்திரப் பழ மரம் இருந்துச்சு. குறுக்க வெட்டினா அஞ்சு முனை நட்சத்திரம் மாதிரி வருமே, அந்தப் பழம். பாதிக் கிளை சுவரைத் தாண்டி எங்க பக்கம்தான். தினமும் காலேஜ் விட்டு வந்ததும் நாலு பழம் பறிச்சு, ஜூஸ் போட்டு, அப்பா கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கிறாரான்னு பக்கத்துலயே நின்னு பார்ப்பேன். வீட்டுல நானும் அப்பாவும்தான். கொஞ்ச நாளா அவர் சோர்ந்து சோர்ந்து படுத்துக்கிறாரு. பழம் உள்ள போனா தெம்பு வரும்ல?

நாலு நாள் முன்னாடி வந்து பார்த்தா, மரம் தரையில கிடக்கு. அது நின்ன இடத்துல உம்மணாமூஞ்சி குத்த வெச்சு உக்காந்து, பூனை வால் மாதிரி நுனி தொங்குற அலங்காரப் புல்லை வரிசையா நட்டுக்கிட்டிருக்காரு.

"காய்ச்சுக் குலுங்குற மரத்தை வெட்டிட்டு யாராவது புல்லு வைப்பாங்களா அங்கிள்?"

"இது காய்க்காதுல்லம்மா. அதான்."

எப்படி இருக்கு பாருங்க பதில்! நாங்க பறிக்கிறது பொறுக்கலன்னு நேரா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?

நான் தாவரவியல் ரெண்டாம் வருஷம். எல்லாம் தெரிஞ்ச திமிரு. பெரிய சார்ட் பேப்பர் எடுத்து ரெண்டு பக்கமாப் பிரிச்சேன். மரத்தோட பக்கம் பழம், நிழல், குளிர்ச்சி, குருவிக்கு வீடுன்னு அடுக்கினேன். புல்லோட பக்கம் ஒரே வரி: 'காத்தடிச்சா ஆடும்.' அடியில ஒரு கட்டம் போட்டு, 'மரத்தால என்ன கெடுதல்? தைரியம் இருந்தா நிரப்பவும்'னு எழுதி, நூல்ல ஒரு புதுப் பேனாவையும் கட்டி, அவர் வீட்டு கேட்லயே ஒட்டிட்டேன்.

தெருவே நின்னு படிச்சுச்சு. சிரிச்சுச்சு. "நீ வக்கீலுக்குல்ல படிச்சிருக்கணும்!"னு இஸ்திரிக்காரர் கை கொடுத்தாரு.

அவர் அதைக் கிழிக்கவே இல்ல. எங்கயோ மிஷின் பார்த்துக்கிற வேலையாம். தினமும் போகும்போது கொஞ்ச நேரம் நின்னு பார்ப்பாரு. போயிடுவாரு.

இன்னிக்கு சாயந்திரம் கேட்கிட்ட எதிர்ல வந்தாரு. சும்மா போயிருக்கலாம் நான். வாய் நிக்கல.

"மரத்தை வெட்டினா பழம் போயிடுமா? அன்னிக்கே ரெண்டு பை நிறையப் பொறுக்கி ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டேன். எங்கப்பாவுக்கு இன்னும் பத்து நாள் ஜூஸ் உண்டு. நல்லா வயிறெரியுங்க!"

அவர் மூஞ்சி வெளுத்துப் போச்சு. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன்.

அடுத்த பத்தாவது நிமிஷம்தான் டம்ளரைப் பிடுங்கினது.

"இன்னுமா சார் சொல்லல நீங்க?"ன்னு அப்பாவைக் கேட்டாரு.

அப்பா தரையைப் பார்த்தாரு. "பரீட்சை முடியட்டும்னுதான்…"

"என்னப்பா சொல்லல?"

"ரெண்டு கிட்னியும் பாதிக்கு மேல போயிடுச்சும்மா. பல்லு வலின்னு சொல்லிட்டுப் போறேன்ல? இவர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குத்தான்."

உம்மணாமூஞ்சி என் பக்கம் திரும்பினாரு. குரல்ல கோபமே இல்ல.

"நான் டயாலிசிஸ் மிஷின் பார்க்கிறவன்மா. கிட்னி கெட்டவங்களுக்கு இந்தப் பழம் விஷம். இதைத் தின்னுட்டு நினைவு தப்பி வந்தவங்களைப் பார்த்திருக்கேன்."

எத்தனை டம்ளர் கொடுத்திருப்பேன்? எண்ணவே பயமா இருந்துச்சு.

"இது தெரிஞ்சுமா குடிச்சீங்க?"

"போன வாரம் இவர் சொல்லித்தான் தெரியும். நீ திரும்புற நேரம் பார்த்து ஜன்னல் வழியா பாதியைக் கொட்டுவேன். மீதியை எங்க விட்ட? நின்னு பார்த்துக்கிட்டே இருப்பியே. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு இவர்கிட்ட சத்தியம் வாங்கினது நான்தான். அதுக்காக மரத்தையே வெட்டுவாருன்னு நினைக்கல."

"மரம் இன்னொண்ணு வெச்சுக்கலாம் சார்"னாரு அவர். "அந்தப் பை எங்கம்மா?"

எடுத்துக் கொடுத்தேன். ஃப்ரிட்ஜுக்குள்ள தலையை விட்டு, இன்னும் ஏதாவது இருக்கான்னு அவரே ஒரு தடவை பார்த்தாரு.

"நாளைக்குக் காலையில அப்பாவைக் கூட்டிட்டு வா. ரத்தம் பார்த்துடலாம்."

மன்னிப்புக் கேக்கணும். நாலு நாளா நிக்காத வாய், அப்ப பார்த்து ஒட்டிக்கிச்சு.

அவர் போனதும், இன்னொருத்தர் படிக்கிறதுக்குள்ள அந்த சார்ட்டைக் கிழிச்சிடணும்னு ஓடினேன்.

என் கட்டம் வெள்ளையாவே இருந்துச்சு. பேனா நூல்ல தொங்கிக்கிட்டிருந்துச்சு, நான் கட்டினப்ப இருந்த மாதிரியே.

நாலு நாளா அவர் அந்த மூடியைக்கூடத் திறக்கல.